ஒன்பதாவது தீர்மானம்

திருப்பூரில் ஒரு பின்னல் மெஷின் நின்றுபோனால் முதலில் மெக்கானிக் வருவார். ஊசியைப் பார்ப்பார், பெல்ட்டைப் பார்ப்பார். கடைசியில் பக்கத்துப் பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துவிட்டு, "கார்டு போயிருச்சுங்க" என்பார். அதற்கு மேல் அவருக்கு அதில் வேலை இல்லை. முதலாளி அந்தப் பச்சைப் பலகையைக் கழற்றி, பனியன் துணியில் சுற்றி, சித்ரகலாவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்.

காங்கயம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த எட்டடி அறைதான் அவளுடைய பட்டறை. ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, இரண்டு சால்டரிங் கோல், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். துணியில் டிசைன் விழுவதற்கு எந்த ஊசி எப்போது எழ வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது அந்தக் கார்டுதான். இத்தாலியிலும் தைவானிலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்த மெஷின்கள் கன்டெய்னரில் இங்கே வந்து இறங்கி இன்னொரு ஆயுசு ஓடுகின்றன. அவற்றைச் செய்த கம்பெனிகள் அந்தக் கார்டுகளை எப்போதோ நிறுத்திவிட்டன. வரைபடமும் தருவதில்லை.

அதனால் சித்ரகலாவே வரைந்தாள். ஒவ்வொரு கார்டு வரும்போதும் எந்தக் கோடு எந்த ஐ.சி. சில்லின் எந்தக் காலுக்குப் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து, பிறகு பேனாவால் ஏற்றுவாள். ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதுவாள். 'மழைக்காலத்தில் இந்த இடம் பச்சை பிடிக்கும்.' 'இந்தக் கால் சூடானால் கை வைக்காதே, முதலில் பின்பக்கம் பார்.' பதினோரு வருடத்தில் பதினாலு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

வெள்ளகோவில் பக்கம் பிறந்தவள். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, கல்யாணமாகித் திருப்பூர் வந்து, ஒரு டி.வி. சர்வீஸ் கடையில் வேலைக்கு இருந்தாள். 2013இல் அந்தக் கடையை மூடினார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, கடைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த பிரபாகர் ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் பழைய மெஷின் இறக்குமதி செய்து விற்பவர்.

"கம்பெனி ஏஜென்ட்டு இதத் தூக்கிப் போடச் சொல்றானுங்க அம்மிணி. நீங்க ஒரு தடவ பாருங்க. ஆகலீன்னா நாமளே தூக்கிப் போட்டர்லாம்."

ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அந்த மெஷினில் டிசைன் விழுந்தது. பிரபாகர் அந்தத் துணியில் ஒரு முழம் வெட்டி, தன் ஆபீஸுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அதன் பிறகு சித்ரகலாவுக்குக் கார்டு வராத நாளே இல்லை.

கூடப் பிறந்தவர்கள் யாரும் அவளுக்குக் கிடையாது. பிரபாகரை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. கணவர் சரவணக்குமார் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் அவர்தான். மகள் வர்ஷினி பெரியவளாகிச் சீர் வைத்தபோது தாய்மாமன் முறைக்கு யாருமில்லை. பிரபாகர் மனைவி ஆஷாவோடு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தட்டு எடுத்து, மாமன் மாலை போட்டார். அன்றைக்குச் சித்ரகலா சமையலறைக்குள் போய் நின்று அழுதாள்.

பழைய மெஷின் வியாபாரிகள் சங்கத்தில் அவளைச் சேர்த்ததும் அவர்தான். "கடை வெச்சிருக்கறவங்களுக்குத்தான் மெம்பர்" என்று சிலர் சொன்னபோது, "உங்க கடையில இருக்கற மெஷினு ஓடறதே அவங்களாலதானுங்க" என்று எழுந்து பேசினார். தொண்ணூறு பேர் இருந்த சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். வருடா வருடம் பொதுக்குழுவுக்குப் போவாள், மூன்றாவது வரிசையில் உட்காருவாள், தூத்துக்குடியில் கன்டெய்னர் தேங்குவதைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்பாள், சாப்பிட்டுவிட்டு வருவாள்.

போன வருடம் ஆடி மாதம் பிரபாகர் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் சங்கத்தின் செயலாளர்.

"சங்கம் ஆரம்பிச்சு இருபது வருசம் ஆகுதுங்க. பொதுக்குழுவுல ஒரு புக்கு போடலாமுன்னு இருக்கறோம். கார்டு கையேடு. உங்க நோட்டு பதினாலும் அதுல வரோணும். அட்டையில உங்க பேரு. சின்ன ஊர் மெக்கானிக்குங்க வரைக்கும் போய்ச் சேருமுங்க."

சித்ரகலா உடனே சரி என்று சொல்லவில்லை. அந்த நோட்டுகளை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் ஒரே ஒரு கார்டுக்காக ஆறேழு மாதம் துணி போர்த்திக் கிடந்த மெஷின்களை மடத்துக்குளம் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த மெஷின்காரர்கள் முகம் நினைவுக்கு வந்தது. அட்டையில் தன் பெயர் என்பதும் மனதுக்குள் கொஞ்சம் இனித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டோணுங்கண்ணா. சிலதெல்லாம் திருத்தோணும்."

"காட்டாமயா? நீங்கதானுங்களே பார்க்கோணும்."

மூன்று பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ஒப்புதல் கடிதம் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் 'வெளியீட்டுக்காக' என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. மீதியைப் புரட்டினாள், படிக்கவில்லை. மகளுக்கு மாமன் மாலை போட்டவரை உட்காரவைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். நோட்டுகளை அவரே காருக்குத் தூக்கிப் போனார். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தும் விட்டார். ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை. எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டபோது, பொதுக்குழுவில் மாதிரிப் பிரதி மட்டும் வெளியிடுவோம், திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும் என்றார்.

பொதுக்குழு செப்டம்பரில், பல்லடம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. சித்ரகலா மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். வர்ஷினி கல்லூரியில் பரீட்சை என்று வரவில்லை. "புக்க ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வாசலில் கழுத்து அட்டை கொடுத்தார்கள். சாப்பாட்டு டோக்கனும் நிகழ்ச்சி நிரலும் கொடுத்தார்கள். நிரலில் 'கையேடு வெளியீடு' என்று எதுவும் இல்லை. அச்சிட மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தலைவர் பாரூக் வரவேற்றுப் பேசினார். அறுபது வயதுக்காரர், ஊரில் முதன்முதலில் பழைய மெஷின் கன்டெய்னர் இறக்கியவர்களில் ஒருவர். எட்டுத் தீர்மானங்கள் கைதட்டலோடு ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"ஒன்பதாவது தீர்மானத்த நம்ம செயலாளர் விளக்குவாருங்க" என்றார் பாரூக்.

பிரபாகர் மைக்கை வாங்கினார். பெரிய திரையில் ஒரு புதிய கம்பெனியின் பெயர் வந்தது. கோவையில் கார்டு சர்வீஸ் சென்டர் ஒன்று திறக்கிறார்கள். இனிமேல் சங்க உறுப்பினர்கள் விற்கும் மெஷின்களின் கார்டுகளில் ஸ்டிக்கர் சீல் இருக்கும். கார்டு போனால் அந்த சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். வேறு யாராவது சீலைப் பிரித்தால் மெஷினுக்கு வாரண்டி கிடையாது.

"டெக்னிக்கல் டேட்டா முழுசும் நம்மகிட்ட ரெடியா இருக்குதுங்க. இந்தியாவுல வேற யாருகிட்டயும் இது இல்ல" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டார்.

அது அவளுடைய ஆறாவது நோட்டின் பக்கம்.

கட்டம் போட்ட தாள், நீலப் பேனா, அவள் கையெழுத்து. 'இந்தக் கால் சூடானால் கை வைக்காதே' என்ற வரி மண்டபத்தின் அகலத்துக்குப் பெரிதாக நின்றது. பக்கத்தின் மேல் மூலையில் அவள் எப்போதும் பெயரும் தேதியும் எழுதுவாள். அந்த மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கீழே அந்தக் கம்பெனியின் முத்திரை.

சித்ரகலாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏதோ படம் மாறி வந்துவிட்டது, அண்ணன் இப்போது சொல்லிவிடுவார் என்றுதான் காத்திருந்தாள். அவர் அடுத்த படத்துக்குப் போனார். அதுவும் அவளுடையதுதான்.

எழுந்தாள். மைக் அவள் கைக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அண்ணா, இது என்ற நோட்டுங்களே? புக்கு போடறதுக்குத்தானுங்களே வாங்கிட்டுப் போனீங்க?"

பிரபாகர் சிரித்தார். எப்போதும் சிரிக்கும் அதே சிரிப்பு.

"ஆமாங்க, நம்ம கலாதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். சங்கத்துக்குன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. பெரிய மனசுங்க. எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

கை தட்டினார்கள்.

"நான் புக்குக்குத்தான் கையெழுத்துப் போட்டனுங்க."

"மூணாம் பக்கத்துல எல்லா உபயோகத்துக்கும்னு போட்டிருக்குதுங்க அம்மிணி. வருத்தப்படாதீங்க. சென்டர்ல உங்களுக்கும் ஒரு சீட்டு இருக்குது. உக்காருங்க, சாப்பாடு ஆறுது."

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அந்தக் கம்பெனியில் பிரபாகரும் ஒரு பங்குதாரர் என்று பின்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது அவள் காதில் விழுந்தது. சொன்னவர் குரலில் ஆச்சரியம் இல்லை. அப்படியானால் முன்பே தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பாரூக் தயங்கினார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

சித்ரகலா திரும்பிப் பார்த்தாள். தீபாவளி நெருக்கடியில் கார்டு கேட்டு வந்து வாசலில் நின்றவர்கள், 'நீங்க இல்லீன்னா நான் மெஷின வித்திருப்பனுங்க' என்று சொன்னவர்கள், எல்லோர் கையும் மேலே இருந்தது. இரண்டாவது வரிசையில் வாசிம் இருந்தான். பெரியதோட்டத்தில் ஆறு மெஷின் வைத்துச் சின்னதாக நிட்டிங் நடத்துகிறவன், வாங்கி விற்பதும் கொஞ்சம் உண்டு. அவளைக் 'கலாக்கா' என்றுதான் கூப்பிடுவான். அவன் கையைத் தோளுக்கு மேல் போகாதபடி, பாதியாகத் தூக்கியிருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணை இறக்கிக்கொண்டான். கையை இறக்கவில்லை.

எதிர்த்துத் தூக்கிய கைகள் நான்கு. அதில் ஒன்று அவளுடையது.

சாப்பிடாமல் வெளியே வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. திரையில் காட்டிய அந்த ஆறாம் நோட்டுப் பக்கம் பாதிதான் சரி. அதே கார்டில் பிற்பாடு வந்த ஒரு வகை உண்டு. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து வோல்ட் வரும் காலும் இருபத்துநாலு வோல்ட் வரும் காலும் அதில் இடம் மாறியிருக்கும். பழைய படத்தை நம்பி கரண்ட் கொடுத்தால் கார்டில் உள்ள சின்ன ஐ.சி. அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். இதை அவள் சில மாதங்களுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தாள். நோட்டில் ஏற்றவில்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். புத்தகம் அச்சாவதற்கு முன் காட்டும்போது சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

வீட்டில் சரவணக்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வக்கீலுகிட்ட அந்தப் பேப்பரக் காட்டியிருக்கலாம்ல" என்றார். சரியான பேச்சுதான். ஆனால் அவளுக்கு அப்போது அதைக் கேட்கத் தாங்கவில்லை. பட்டறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுவரில் அந்தத் துண்டுத் தாள் இருந்தது. ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம். ஃபோனை எடுத்தாள், பிரபாகர் பெயர் வரை போனாள், வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. 'அவருக்கு எதுக்கு நான் சொல்லோணும்?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படாத மாதிரி ஒரு வாரம் ஓடியது, இன்னொரு வாரம் ஓடியது. கார்டு கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பட்டறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை வாசிம் வந்தான். கையில் இரண்டு கார்டு. இரண்டிலும் சென்டரின் சீல் பிரிந்திருந்தது. பனியன் துணியைப் பிரித்ததுமே கருகின வாசனை வந்தது.

"சென்டருக்கு அனுப்புனேன்க்கா. சின்னக் கோளாறுதான், நூல் குடுக்கற ஒரு ஃபீடர்ல மட்டும் டிசைன் விட்டுப் போச்சு. இப்ப மொத்தமா செத்துப்போச்சு. கேட்டா பழைய கார்டு அப்படித்தான் ஆகும்கறாங்க. ரெண்டு மெஷினு நிக்குதுக்கா. ஆர்டர் கையில இருக்குது."

சித்ரகலா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அவள் நினைத்த அதே வகைக் கார்டு. இருபத்துநாலு வோல்ட் தவறான வழியில் நுழைந்து, போன இடமெல்லாம் கொப்புளம் விட்டிருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். 'ஏதோ ஷார்ட் ஆயிருக்குது' என்றால் அவன் நம்பியிருப்பான். அவள் சுவரைக் காட்டினாள்.

"இது தப்பாப் போகும்னு எனக்குத் தெரியும் வாசிம். மண்டபத்துல படம் போட்ட அன்னைக்கே தெரியும். நான் சொல்லல."

அவன் எழுந்து போய் அந்தத் துண்டுத் தாளைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"ஏன்க்கா?"

"நீயும் கை தூக்குனியே கண்ணு."

"தூக்குனேன். இல்லேங்கல. அவருகிட்ட ரெண்டு மெஷினு வாங்கி பாதி பாக்கி நிக்குது, தூக்காம என்ன செய்யறது?" அவன் குரல் உயரவில்லை. "ஆனா அவருக்குச் சொல்லாம விடறதா நெனச்சுட்டு, நீங்க எனக்குத்தானேக்கா சொல்லாம விட்டீங்க."

சித்ரகலாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மண்டபத்தில் தன்னை எப்படி உட்காரச் சொன்னார்களோ, அதேபோல் இப்போது தானும் ஒருவனை மெஷினை நிறுத்தி உட்கார வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஐந்து நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. பழைய செத்த கார்டுகளிலிருந்து ஐ.சி.களைக் கழற்றி மாற்றி, ஒரு கார்டை எழுப்பிவிட்டாள். இன்னொன்றுக்கு வேண்டிய ஐ.சி. அவளிடமும் இல்லை, கோவையிலும் இல்லை, தெரிந்த யாரிடமும் இல்லை. வாசிம் சரியான கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். எவ்வளவு என்று கேட்டான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றதும் வற்புறுத்தவில்லை. போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே சித்ரகலா அந்தத் துண்டுத் தாளை ஒழுங்காக வரைந்து, எந்த அடையாளத்தை வைத்து அந்த வகைக் கார்டைக் கண்டுபிடிப்பது என்பதையும் எழுதி, தன் பெயரும் தேதியும் போட்டு, சங்கத்தின் வாட்ஸாப் குரூப்பில் அனுப்பினாள். 'இது முன்பே எனக்குத் தெரியும். சொல்லாதது என் தவறு' என்று ஒரு வரியும் சேர்த்தாள். பிறகு குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

அரை மணி நேரத்தில் பிரபாகர் ஃபோன் செய்தார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க அம்மிணி. இந்த மாதிரி வேற ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா ஆள அனுப்பி வாங்கிக்கறனுங்க."

அவள் சால்டரிங் கோலைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"வர்ஷினி சீருக்குத் தட்டுத் தூக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கே இது மனசுல இருந்துச்சுங்களா?"

"அதையும் இதையும் எதுக்குங்க முடிச்சுப் போடறீங்க? அது வேற, யாவாரம் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். ஃபோனை வைத்தாள். அதன் பிறகு அவர் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தாள். கையெழுத்து உங்களுடையதுதானே என்றார் அவர். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் சூட்டுப்பெட்டிகளுக்கு கன்ட்ரோல் கார்டு பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று சரவணக்குமார் விசாரித்து வந்து சொன்னார். வாரம் மூன்று நாள் அங்கே போகிறாள். மீதி நாளில் சீல் ஒட்டாத பழைய கார்டுகள் வருகின்றன. முன்பு போல் இல்லை, பாதிகூட இல்லை. கோவை சென்டர் நன்றாகவே ஓடுகிறது.

இந்த வருடம் ஆவணியில் பாரூக் வீட்டுக்கு வந்தார். கையில் பொதுக்குழு அழைப்பிதழ். தேர்தல் வருகிறது, பிரபாகர் தலைவருக்கு நிற்கிறார் என்றார். சித்ரகலா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தீர்மானம் மட்டுந்தாம்மா தெரியும். நோட்டு உங்களுதுன்னு அந்தப் படத்தப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. சத்தியமாம்மா."

"நம்பறனுங்க. ஆனா தெரிஞ்ச பின்னாடி கை எண்ணுனது நீங்கதானுங்களே."

 டீயைக் குடித்து முடிக்க பாரூக்குக்கு நேரம் பிடித்தது. எழுந்து செருப்பை மாட்டும்போது, "வந்தீங்கன்னா நல்லா இருக்கும்மா. ஒரு வார்த்த பேசலாம்" என்றார்.

"கார்டு ஏதாச்சும் இருந்தாக் குடுத்தனுப்புங்க, பார்த்துத் தர்றன். கூட்டத்துக்கு வரலீங்க."

அவர் படி இறங்கிப் போகும்வரை வாசலில் நின்றாள். அழைப்பிதழைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையாக இருக்காது என்று வாங்கி வைத்திருந்தாள்.